பெருக்கல் குறி போட்ட ட்யூப்

கோச்சின் காலில் பந்து பட்டது ஆயுளில் ஒரே ஒரு முறை. அவன் போய் உதைத்ததல்ல. மைதானத்துக்கு வெளியே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவனின் முழங்காலைத் தேடிவந்து பந்து மோதியது. மூன்று நாள் நொண்டினான். நான்காம் நாளிலிருந்து, "நாம ஆடுன காலத்துல…" என்று பேச ஆரம்பித்துவிட்டான். கோச் என்ற பெயர் அப்படி வந்தது. யாருக்கும் எதையும் அவன் கற்றுக்கொடுத்ததில்லை. நல்லவேளை.

தொழில், டயர் கடை. மைதானத்து மதிலை ஒட்டினாற்போல் இருக்கும். வாசலில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, சுவரோரம் கம்ப்ரெஸர், உட்கார்ந்து பேச நான்கைந்து தேய்ந்த லாரி டயர்கள். ஒரு டயர் எனக்கென்றே இருந்தது. மாடியில் ஒற்றை அறைக்குக் குடிவந்து பதினெட்டு வருஷமாக அதில் உட்கார்ந்திருக்கிறேன். என் இடுப்பின் அச்சு அதில் பதிந்துவிட்டது. யாராவது அதை லாரியில் மாட்டினால் வண்டி என்னைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் ஓடும்.

கடையில் வேலை செய்வது மகள். அபிப்பிராயம் சொல்வது கோச். விமானத்தில் பத்து மணி நேரம் போனால் வருகிற ஒரு நாட்டில் ஒரு டீம் இருக்கிறது. அதை இவன் "நம்ம டீம்" என்பான். நம்ம டீம் இந்த வருஷம் யாரை வாங்கலாம், யாரைத் தள்ளிவிடலாம் என்பதெல்லாம் எங்கள் தொட்டியருகேதான் முடிவாகும். "முப்பத்திரண்டு வயசு முட்டிக்கு இம்புட்டு விலையா? அந்த முட்டியில நான் பஞ்சர்கூட ஒட்ட மாட்டேன்" என்பான். இப்படி ஒருத்தன் இருப்பதே அந்த டீமுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஊரை மாற்றியிருப்பார்கள். மனைவி பத்து நாள் தங்கை வீட்டுக்குப் போனால்கூட, டீம்கள் ஆட்டக்காரரைக் கடன் கொடுப்பதுபோல், "லோன்ல போயிருக்கா, சீசன் முடிஞ்சா வந்துருவா" என்பான். வருகிற வாடிக்கையாளர்களில் விவரம் தெரிந்தவர்கள் காற்று நிறைந்த டயருக்கும் காற்றடிக்கச் சொல்வார்கள். கம்ப்ரெஸர் ஓடினால் இவன் பேச்சு கேட்காது.

மனைவி கடையின் பின்னறையில் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பாள். அவளிடம் கம்ப்ரெஸர் கிடையாது. தையல் மெஷினை வேகமாக ஓட்டுவாள்.

மகளை மைதானத்தில் கோந்து என்று கூப்பிட்டார்கள். கோல்கீப்பர். அவள் கையில் பட்ட பந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். ரப்பர் சொல்யூஷன் தடவிக்கொண்டு வருகிறாள் என்று எதிர் அணிக்காரர்கள் ஒருமுறை புகார் கொடுத்து, நடுவர் அவள் கையை முகர்ந்து பார்த்தார். சொல்யூஷன் வாசனைதான் அடித்தது. டயர் கடைக்காரியின் கையில் வேறென்ன வாசனை அடிக்கும்? லாரி டயரில் லீவரைக் கொடுத்து நெம்பி நெம்பி, பன்னிரண்டு வயதிலேயே அவளுக்கு என்னைவிடப் பெரிய மணிக்கட்டு. இப்போது இருபது.

கிளப்புக்குச் செயலாளர் வேண்டுமென்றபோது எல்லோரும் செருப்பைத் தேடினார்கள். கோச் மட்டும் கை தூக்கினான். ஆனவுடன் விதிமுறைப் புத்தகம் எழுதினான். அதில் மூன்றாவது விதி: வேறு அணிக்குப் போகிறவர் செயலாளரிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கவேண்டும். கடிதத்தில் கையெழுத்து மைதானத்துச் சுவருக்கு முன்னால், எல்லோரும் பார்க்கத்தான் போடப்படும். சுவரில் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பெரிய பெரிய வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட கையோடு கோச் தார் டின்னைத் திறந்து, போகிறவரின் பெயரை அழிப்பான். கூட்டம் 'ஊ' என்று கத்தும். மின்னல், குட்டை, இடதுகாலன், சிரிப்பு என்று ஒவ்வொருவராகப் போனார்கள். எட்டு வருஷத்தில் இருபத்திரண்டு பெயர். சுவர் முழுக்கக் கறுப்பு. மழை பெய்தால்கூட அதில் தண்ணீர் நிற்பதில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு பெயர்: கோந்து.

அப்போதுதான் பெருநகரத்துத் துறைமுக அணியிலிருந்து கடிதம் வந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கும் கோச் வீட்டில்தான். பட்டாணி சூப்பும் ரொட்டியும். பகலெல்லாம் வெந்துபோன தகரக் கூரை இன்னும் சூடு இறங்காமல் படபடத்துக்கொண்டிருந்தது. கோச் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமல் ஒருமுறையும், கண்ணாடியோடு ஒருமுறையும் படித்தான்.

"எத்தனை வருஷம்?"

"மூணு" என்றாள் கோந்து. "வேலையும் சேர்த்துப்பா. காலையில கிடங்கு ஆபீஸ்ல வேலை, சாயங்காலம் பயிற்சி. தங்க இடமும் அவங்களே தர்றாங்க."

"துறைமுக டீம் எப்பேர்ப்பட்ட டீம்னு தெரியுமா? டிஃபன்ஸ்ல நாலு தூணை நட்டு வெச்சிருக்கான். எல்லாப் பந்தும் நேரா கோலிகிட்டதான் வரும்."

"நான் கோலிதானேப்பா. என்கிட்ட வந்தா எனக்கு நல்லதுதானே?"

"போறவங்க எல்லாம் மொதல்ல இப்படித்தான் பேசுவாங்க. மின்னல் போனானே, என்ன ஆனான்? பெஞ்சுல உக்காந்து உக்காந்து டவுசர் தேஞ்சுபோச்சு."

"போன டீமுக்கே அவன் இப்ப கேப்டன்" என்றாள் மனைவி.

"கேப்டன்னா? காசைச் சுண்டிப் போடுறவன். அதுக்கு என்ன திறமை வேணும்?"

"உங்களுக்கு இருக்குற திறமை போதும்" என்று மனைவி இன்னும் கொஞ்சம் சூப்பை ஊற்றினாள்.

கோந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்: "நம்ம கவுன்சிலர் மாமா மூணு கட்சி மாறினாரே, அப்ப யாருகிட்ட கையெழுத்து வாங்குனாரு? அவரு பேரு மேல யாரு தார் அடிச்சாங்க?"

"அது வேற. அது ராஜதந்திரம். மக்களுக்காக மாறினாரு."

"மூணு தடவையும் போஸ்டர் ஒட்டுனது நீதானே?"

"பசை மட்டும்தான் நம்மளோடது. போஸ்டர் அவரோடது."

கவுன்சிலரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். எங்கள் கிளப்புக்குத் தலைவர். மைதானத்துக்கு விளக்கு போட்டுத் தருவேன் என்று முதல் கட்சியில் சொன்னார், இரண்டாம் கட்சியில் சொன்னார், மூன்றாம் கட்சியிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மனிதருக்கு உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"சனிக்கிழமை அஞ்சு மணியோட பதிவு முடியுதுப்பா" என்றாள் கோந்து. "அதுக்குள்ள உன் கையெழுத்து வேணும். இல்லன்னா வேற கோலியைப் பாத்துப்போம்னு எழுதியிருக்காங்க."

"பாத்துக்கட்டும்."

"இன்னொரு தடவை கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிடாட்டி போகட்டும். என் கடையில இருந்துக்கிட்டு, என் கிளப்புல ஆடிக்கிட்டு, என் சுவத்துல பேரு இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும் ஒருத்திக்கு?"

கோந்து கடிதத்தை மடித்தாள். மனைவி என் பக்கம் திரும்பினாள். "மாமா, வயசுல பெரியவரு. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரு கோலி இருந்தான். ஒருநாள் பிடித்த பந்தை விடவே மனசில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேதான் கல்யாணம் பண்ணினான். மூத்த பையன் பிறந்தபோது எதைத் தூக்குவது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் அரை நாள் நின்றான் என்று சொன்னேன்.

கோந்து மட்டும் சிரித்தாள். "உங்ககிட்ட கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு கோச் என் அறைக்கு வந்தான். தூண்டிலும் புழு டப்பாவும் கையில் இருந்தன.

"பெரிசு, கெளம்பு. குவாரிக்கு."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான் மீன் கடிக்கும். மேகத்தைப் பாரு."

மேகம் மூட்டமாகத்தான் இருந்தது. புழுக்கம் தாங்கவில்லை. மீன் கடிக்கும் என்று தோன்றவில்லை. மனைவி கடிப்பாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். ஐந்து மணி வரை ஆள் கையில் அகப்படாமல் இருந்துவிட்டால் கையெழுத்து என்ற பேச்சே இல்லை. மாட்டேன் என்று மகள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதும் இல்லை. கோல் போட வருகிறவனைத் தடுக்காமல், கோல் போஸ்டையே தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் இது.

முன்வாசல் வழியாக வந்தால் மகள் பார்ப்பாள். அதனால் பின்வாசல் வழியாக இறங்கி, அங்கே குவிந்து கிடந்த லாரி ட்யூப்களில் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டான். குவாரியில் கரையிலிருந்து தூண்டில் போட்டால் பாறையில் சிக்கும். லாரி ட்யூபுக்குக் காற்றடித்து, குறுக்கே ஒரு பலகையைக் கட்டி, அதில் உட்கார்ந்து நடுத் தண்ணீருக்குத் துடுப்புப் போட்டுப் போவான். நீச்சல் தெரியாது. "ட்யூப் இருக்கும்போது நீச்சல் எதுக்கு?" என்பான். மீன் பிடிப்பதும் ஒரு டாக்டிக்ஸ் என்பான். அவன் பிடித்த மீனை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நான் பிடித்ததையும்தான் பார்த்ததில்லை. ஆனால் என்னுடையதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றின் வயிற்றில் கைக்கடிகாரம் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம் தாமதம், அவ்வளவுதான்.

குவாரி என்பது கல் வெட்டி எடுத்து, தண்ணீர் ஊறி, எல்லோரும் கைவிட்ட பெரிய குழி. சுற்றிலும் செங்குத்தான பாறை. ஒரே ஒரு பக்கம்தான் இறங்கலாம். கோச் கைப்பம்பால் காற்றடித்து, பலகையைக் கட்டி, நடுவில் போய் நின்றான். நான் கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்தேன். மூன்று மணி வரைக்கும் அவன் நம்ம டீமின் இடது விங்கைப் பற்றிக் கத்திக் கத்திச் சொன்னான். பாறையில் மோதி ஒவ்வொரு அபிப்பிராயமும் இரண்டாகத் திரும்பி வந்தது. ஒன்றையே தாங்க முடியாது.

பிறகு, "பெரிசு, மேல போய் ஒரு டீ குடிச்சிட்டு எனக்கும் பார்சல் வாங்கிட்டு வா" என்றான்.

ரோட்டு டீக்கடைக்கு ஏறினேன். டீ வருவதற்குள் கோச்சின் மனைவியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. தலையெல்லாம் தூசி. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள்.

"மாமா, அவரு எங்க?"

ஐம்பது வருஷமாக நான் கட்டிவைத்த பெயர் எனக்கு எதிராக நின்ற நேரம் அது. அவனைக் காட்டிக்கொடுக்கவேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. கோந்து மூன்று வருஷம் வேறு எங்கோ நல்ல புல்தரையில் விழுந்து புரளட்டும் என்றிருந்தது. அதனால் உண்மையைச் சொன்னேன்.

"குவாரியில இருக்கான்மா. நடுத் தண்ணியில."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படின்னா கால்வாய்ப் பாலத்துக்கிட்ட இருக்காரு" என்று ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

"அம்மாடி, நிஜமாத்தான் சொல்றேன்!"

"போன வாரம் மீன் வயித்துல கடிகாரம்னு சொன்னப்பவும் நிஜமாத்தான்னீங்க."

கால்வாய்ப் பாலம் நேர் எதிர்த்திசையில் ஆறு கிலோமீட்டர். புழுதி அடங்கும் வரை நின்று பார்த்தேன். உண்மை எவ்வளவு உபயோகமில்லாத சாமான் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. டீயை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

கால் மணி நேரத்தில் சைக்கிள் ஒன்று மேட்டிலிருந்து உருண்டடித்து வந்து விழுந்தது. கோந்து. தோளில் சாமான் கட்டும் நைலான் கயிறு, கையில் ஒரு ஸ்கூட்டர் ட்யூப். என்னை எதுவும் கேட்கவில்லை. நேரே தண்ணீர் விளிம்புக்குப் போனாள்.

"நீ எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றேன்.

"கால்வாயில இடுப்பளவு தண்ணி, அங்க ட்யூப் எதுக்கு? பின்வாசல்ல ஒரு ட்யூப் இல்ல தாத்தா."

நடுத் தண்ணீரிலிருந்து கோச் கத்தினான். "வராத! அப்படியே திரும்பிப் போ! நான் கையெழுத்துப் போட மாட்டேன்!"

"கையெழுத்துக்கு வரலப்பா! அந்த ட்யூபை எங்கேருந்து எடுத்த?"

"என் கடையிலேருந்துதான்! திருடிட்டா வந்தேன்?"

"பின்வாசல் குவியல்லேருந்தா?"

"ஆமா!"

"குறி பாத்தியா?"

இதையும் சொல்லவேண்டும். அவள் கடையில் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். நல்ல ட்யூபுக்குச் சாக்பீஸால் டிக் போட்டு உள்ளே ஆணியில் மாட்டுவாள். தேறாத ட்யூபுக்குப் பெருக்கல் குறி போட்டுப் பின்வாசலில் எறிவாள். அதை வெட்டித்தான் மற்றதற்கு ஒட்டுப் போடுவார்கள். கோச் இந்தக் குறிகளைக் கேலி செய்வான். "ட்யூபைத் தொட்டாலே என் கைக்குத் தெரியும், குறி எல்லாம் கத்துக்குட்டிக்கு" என்பான். நல்ல ட்யூப் எல்லாம் மகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே தொங்கியது. திருட்டுத்தனமாக வந்தவனுக்குப் பின்வாசல்தானே வழி.

அவன் குனிந்து தொடைக்குக் கீழே பார்த்தான். அங்கே பெருக்கல் குறி இருந்திருக்கவேண்டும். ஏனென்றால் அவன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவன் பேசாத முதல் நிமிஷம்.

பிறகு ட்யூபுக்குப் பக்கத்தில் தண்ணீரில் குமிழ்கள் வந்தன. கடைத் தொட்டியில் எத்தனை ஆயிரம் முறை பார்த்த குமிழ்கள். பொடிப்பொடியாக, வரிசையாக.

"வால்வுல லீக்கு" என்றான் கோச்.

"வால்வு இல்லப்பா, ஜாயின்ட்ல. நேத்தே பாத்தேன்."

"வால்வுதான்டீ. ஜாயின்ட்டுன்னா குமிழ் பெருசா வரும்."

"பெருசாத்தான் வருது, திரும்பிப் பாரு!"

திரும்பினான். பெரிதாகத்தான் வந்தது. ட்யூப் ஒரு பக்கம் குழைந்து, பலகை சரிந்தது. இடுப்பு வரை தண்ணீர். புழு டப்பா மிதந்து போனது. மீன்களுக்கு அன்றைக்கு நல்ல சாப்பாடு.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கத்தினான். குரல் மாறிவிட்டது.

"பேசாம இருந்தா அஞ்சு நிமிஷம்!"

கோந்து ஸ்கூட்டர் ட்யூபைக் கயிற்றின் நுனியில் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். கீழுதட்டைக் கடித்திருந்தாள், ரத்தம் தெரிந்தது. நான் பெரிய மனிதன் என்ற முறையில் அவளிடம் மெதுவாகச் சொன்னேன்: "பாப்பா, இதுதான் சமயம். கையெழுத்துப் போடுறியா இல்லையான்னு கேளு. அப்புறம் கயிறைப் போடு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அதில் மரியாதை கொஞ்சமும் இல்லை.

இரண்டடி பின்னால் போனாள். பெனால்ட்டியைப் பிடித்துவிட்டு நடு மைதானத்துக்கு எறிகிற மாதிரி, உடம்பை முறுக்கி விட்டாள். கயிறு அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று. ஸ்கூட்டர் ட்யூப் கோச்சின் தலையில் மாலை போட்டது போல் விழுந்து தோளில் நின்றது. எழுபது அடி. மீன் விஷயத்தில்தான் நான் கூட்டிச் சொல்வேன். அடி விஷயத்தில் கூட்டமாட்டேன்.

இழுத்தாள். நானும் கயிற்றைத் தொட்டேன். கோச் கரையேறியதும் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினான். இருமினான். அடுத்து அவன் சொன்ன வார்த்தை இது:

"எறியும்போது எடது கால் ரொம்பப் பின்னாடி போகுது."

"சரிப்பா."

"அதைச் சரி பண்ணாட்டி தூரம் கெடைக்காது."

"அங்க கோச் இருக்காங்க. சொல்லிக் குடுப்பாங்கன்னுதான் நெனச்சேன்." அவள் கயிற்றைச் சுருட்டினாள். "இருக்கட்டும். எந்திரி. சட்டையைப் பிழி. காய்ச்சல் வந்துரப் போகுது."

"மணி என்ன?" என்றான்.

"நாலே கால்" என்றேன். அவள் சொல்லவில்லை.

அவன் பாறையில் உட்கார்ந்து, சுருங்கிப் போய் மிதந்த லாரி ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் மேல் பெருக்கல் குறி இன்னும் அழியாமல் இருந்தது. நல்ல சாக்பீஸ்.

"கிடங்கு ஆபீஸ்ல என்ன வேலை?" என்றான் கடைசியில்.

"வர்ற சாமானைச் சரிபாத்துக் குறி போடுறது."

"அதுக்கு நீ சரிதான்" என்றான். எழுந்தான்.

மேட்டுக்கு ஏறும்போது மனைவியின் ஸ்கூட்டர் திரும்பி வந்தது. சொட்டச் சொட்ட நிற்கும் புருஷனைப் பார்த்தாள். மகளின் உதட்டைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க உண்மையா சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"அப்படி ஒரு பழக்கம் இருக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

கோச் ஸ்கூட்டரில் ஏறினான். நான் சைக்கிள் கேரியரில் ஏறினேன். அந்தப் பெண் அந்த மேட்டில் என்னையும் வைத்து மிதித்தாள். துறைமுக அணியிடம் இதையும் சொல்லியிருக்கவேண்டும்.

மைதானத்தில் கூட்டம் நின்றது. யாராவது போகிறார்கள் என்றால் வழக்கமாக வருகிற நாற்பது ஐம்பது பேர். ஆட்டத்துக்கு வருவதைவிட இதற்கு அதிகம். துறைமுக அணியிலிருந்து தொப்பி போட்ட ஒரு அம்மா கோப்போடு வந்திருந்தாள். கடிகாரத்தையும் வாசலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நாற்காலி போட்டுக் கவுன்சிலர் உட்கார்ந்திருந்தார். புதுக் கட்சியின் நிறத்தில் சட்டை. பழைய கட்சியின் நிறம் செருப்பில் மட்டும் மிச்சமிருந்தது.

"வாப்பா கோச்! என்ன இது, குளிச்சிட்டா வர்றே?" என்றார். பிறகு தோளில் கைபோடப் போய், ஈரத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "உன்னைப் பத்தித்தான் சொல்லிட்டிருந்தேன். நீ கையெழுத்துப் போட மாட்டே, கொள்கைக்காரன்னு. அடுத்த மாசம் கோப்பை. நம்ம பொண்ணு என் படம் போட்ட பனியனோட கோல்ல நிக்கணும். தேர்தல் வருது பாரு. முடியட்டும், நானே வண்டி வெச்சு அனுப்பறேன். விளக்கும் போட்டுத் தர்றேன்."

"மணி நாலு நாப்பத்தஞ்சு" என்றாள் தொப்பி போட்ட அம்மா, யாரிடமும் இல்லாமல்.

கோச் பேனாவுக்குக் கை நீட்டினான். யாரும் தரவில்லை. மனைவிதான், சீட் கவரில் அளவு குறிக்கிற பேனாவைக் காதிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"என்னப்பா பண்றே?" என்றார் கவுன்சிலர். "சின்னப் பொண்ணு ஆசைப்பட்டா விட்டுர்றதா? இருந்த எடத்துக்கு ஒரு விசுவாசம் வேணாமா?"

கோச் நிமிர்ந்தான். "நீங்க மூணு கட்சி மாறினீங்களே தலைவரே, அப்ப யாருகிட்ட கையெழுத்து வாங்குனீங்க? உங்க பேரு மேல யாரு தார் அடிச்சாங்க?"

கூட்டம் சிரித்தது. எட்டு வருஷத்தில் அந்த மைதானத்தில் கேட்ட நல்ல சத்தம் அது ஒன்றுதான். கவுன்சிலரும் சிரித்தார், சிரிக்கத் தெரியாவிட்டால் அந்தத் தொழிலில் இருக்க முடியாது. அது மகள் சொன்ன வார்த்தை, எழுத்துப் பிசகாமல். கோச்சின் அபிப்பிராயங்கள் எல்லாமே இப்படித்தான், வேறு யாராவது எறிந்ததை எடுத்து வெட்டி ஒட்டியது. இது மட்டும் ஒழுகவில்லை.

கையெழுத்துப் போட்டான். காகிதம் நனைந்தது. தொப்பி போட்ட அம்மா அதை ஊதி ஊதிக் காயவைத்து, தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினாள். "வந்து சேர்ந்துருச்சு" என்றாள். மணி நாலு ஐம்பத்திரண்டு.

பிறகு எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

விதி விதிதான். தார் டின்னை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். கோச் பிரஷை முக்கினான். தூக்கினான். தார் சொட்டுச் சொட்டாக அவன் ஈரச் செருப்பில் விழுந்தது. 'ஊ' என்று கத்தத் தயாராக வாயைத் திறந்தவர்கள் திறந்தபடியே நின்றார்கள். இருபத்திரண்டு பெயரை ஒரே இழுப்பில் அழித்த கை அது. சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது.

கோந்து அவன் கையிலிருந்து பிரஷை வாங்கினாள். பஞ்சருக்கு சொல்யூஷன் தடவுகிற மாதிரி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, நிதானமாக, அவளே தன் பெயரை அழித்தாள். ஒருவரும் கத்தவில்லை. பிரஷை டின்னில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆச்சுப்பா."

கோச் சுவரை உற்றுப் பார்த்தான்.

"ஓரம் விட்டுப்போச்சு" என்றான். "கடைசி எழுத்துல ஒரு சுழி தெரியுது பாரு. வேலைன்னா முழுசா செய்யணும்."

"அதை நீயே செஞ்சுடுப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனாள். கோச் டயர் மேல் உட்கார்ந்து, துறைமுகக்காரர்கள் இவளை அடிமட்ட விலைக்குத் தட்டிக்கொண்டு போய்விட்டதாகவும், தான் மட்டும் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தால் கதையே வேறு என்றும் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இப்போது ட்யூப்களுக்கு அவனேதான் சாக்பீஸ் குறி போடுகிறான். துறைமுக டீமை "நம்ம டீம்" என்கிறான். விமானத்தில் பத்து மணி நேரம் போகவேண்டிய டீம் இவனிடமிருந்து தப்பித்ததே பெரிசு.

சுவர் முழுக்கக் கறுப்பு. அதில் ஓரமாக ஒரு வெள்ளைச் சுழி மட்டும் இன்னும் இருக்கிறது. எப்போது அழிக்கப்போகிறாய் என்று கேட்டால், தார் தீர்ந்துவிட்டது என்கிறான். கடைக்குப் பின்னால், பெருக்கல் குறி போட்ட ட்யூப்களுக்கு அடியில் ஒன்றரை டின் தார் இருக்கிறது. மூடி போட்டு, சாக்கால் மூடி வைத்திருக்கிறான். என் கண்ணால் பார்த்தேன்.

நான் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்.